மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சி என்பது மனிதரின் குருதியை உறிஞ்சி வாழும் சிறிய, இறக்கையற்ற பூச்சி ஆகும். கட்டில், மெத்தை, நாற்காலி, சுவர் வெடிப்பு முதலியவற்றின் இடுக்குகளில் பகலில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து உறங்குவோரைக் கடிக்கிறது. வீடுகள், விடுதிகள், மாணவர் தங்குமிடங்கள், திரையரங்குகள், தொடர்வண்டிகள், பேருந்துகள் ஆகியவற்றில் இது காணப்படுகிறது. இப்பூச்சி இயற்கைச் சூழலில் மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை உறுதி செய்யப்படவில்லை. எனினும் இது உறக்கத்தைக் கெடுத்து மன உளைச்சலை உண்டாக்குகிறது. இதனை ஒழிக்கும் அவசரத்தில் கையாளப்படும் நஞ்சுகள், பூச்சியின் கடியை விடப் பெரிய தீங்கை விளைவித்த நிகழ்வுகளும் உண்டு.

பெயர்

தமிழில் மூட்டைப்பூச்சி, மூட்டுப்பூச்சி என்னும் இரு வடிவங்களும் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் ‘மூட்டை’ என்றே சுருக்கியும் கூறுவர். மலையாளத்தில் இது ‘மூட்ட’ எனப்படுகிறது. வடமொழியில் இதன் பெயர் மத்குணம் ஆகும். இதன் பேரினப் பெயரான சிமெக்ஸ் என்பது மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல். லெக்டுலேரியஸ் என்னும் இனப்பெயர் படுக்கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

வகைப்பாடும் இனங்களும்

மூட்டைப்பூச்சிகள் ஹெமிப்டெரா வரிசையில் சிமிசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 100 இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை வௌவால்களையும் பறவைகளையும் சார்ந்து வாழ்கின்றன. மனிதரைச் சார்ந்து வாழ்பவற்றுள் முதன்மையானவை இரண்டு இனங்களாகும்.

சிமெக்ஸ் லெக்டுலேரியஸ்: மிதவெப்ப நாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது. 1758 ஆம் ஆண்டில் லின்னேயசு இதனை விவரித்துப் பெயரிட்டார்.

சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ்: வெப்ப மண்டல நாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது. 1803 ஆம் ஆண்டில் பாப்ரிசியசு இதனை விவரித்தார். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் பெரும்பாலும் காணப்படுவது இவ்வினமே.

இவ்விரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். தலைக்குப் பின்னுள்ள மார்புத் தகட்டின் அகலத்தைக் கொண்டே இவற்றை வேறுபடுத்துவர். வெப்ப மண்டல இனத்தில் இத்தகடு குறுகலாக இருக்கும்.

மூட்டைப்பூச்சி வௌவாலிலிருந்து மனிதருக்கு வந்தது என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. ஆனால் சிமிசிடே குடும்பம் வௌவால்களை விடவும் பழமையானது என்றும், அது ஏறத்தாழ 11.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது என்றும் 2019 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று கணித்தது. அப்படியாயின், வௌவால்கள் தோன்றுவதற்கு முன் இப்பூச்சிகள் எவ்வுயிரைச் சார்ந்து வாழ்ந்தன என்பது விடை காணப்படாத வினாவாகவே உள்ளது.

உடலமைப்பு

வளர்ந்த பூச்சி 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. உடல் முட்டை வடிவானது; மேலிருந்து கீழாகத் தட்டையானது. பசித்திருக்கும்போது தாள் போல் மெலிந்திருப்பதால் மிகக் குறுகிய இடுக்குகளிலும் நுழைய இயலும். குருதி குடித்தபின் உடல் நீண்டு பருத்து, செம்பழுப்பு நிறம் பெறும். இதற்குப் பறக்கவோ தாவவோ இயலாது. ஆனால் விரைந்து நடக்கும்.

தலையின் அடியில் மடிந்திருக்கும் வாயுறுப்பு, ஊசி போன்ற நுண்குழல்களைக் கொண்டது. கடிக்கும்போது இது முன்னோக்கி நீண்டு தோலைத் துளைக்கும். நசுக்கினால் ஒருவகைக் கடும் நாற்றம் வெளிப்படும். ஆல்டிகைடு வகையைச் சார்ந்த வேதிப்பொருள்களே இதற்குக் காரணம். கொத்தமல்லித் தழையின் மணத்திற்கும் இவ்வகைப் பொருள்களே காரணமாதலால் சிலருக்கு இரண்டும் ஒத்திருப்பதாகத் தோன்றும்.

வாழ்க்கைச் சுழற்சி

பெண் பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகளாகத் தன் வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். முட்டை வெண்ணிறமானது, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுடையது. பசை போன்ற பொருளால் மரத்திலோ துணியிலோ உறுதியாக ஒட்டப்பட்டிருக்கும். எனவே பெருக்குவதாலோ உதறுவதாலோ முட்டைகள் எளிதில் விழுவதில்லை.

வெப்பமான சூழலில் 6 முதல் 10 நாட்களில் முட்டை பொரிக்கும். வெளிவரும் இளம்பூச்சி ஏறத்தாழ நிறமற்றது. அது ஐந்து வளர்நிலைகளைக் கடந்து வளர்ந்த பூச்சியாகிறது. ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறையேனும் குருதி குடித்தாலொழிய அது தோலுரித்து அடுத்த நிலையை அடைய இயலாது. உணவும் வெப்பமும் போதிய அளவில் கிடைத்தால் முட்டை முதல் வளர்ந்த பூச்சி வரையிலான காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்களாகும்.

கலவியின்போது ஆண், தன் கூரிய உறுப்பால் பெண்ணின் வயிற்றுச் சுவரைத் துளைத்து விந்தைச் செலுத்துகிறது. கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி ஒரு வீட்டிற்குள் வந்து சேர்ந்தால் போதும். அதன் வழித்தோன்றல்கள் தமக்குள் இனப்பெருக்கம் செய்து பெருகிவிடும்.

வளர்ந்த பூச்சி உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. குளிர்ந்த சூழலில் இக்காலம் நீளும். வெப்பமான சூழலில் குறையும். ஆகவே ஓர் அறையைச் சில வாரங்கள் பூட்டி வைப்பதால் மட்டும் இவை அழிந்துவிடுவதில்லை.

உணவும் நடத்தையும்

மூட்டைப்பூச்சிக்குக் குருதியைத் தவிர வேறு உணவில்லை. மனிதர் வெளிவிடும் கரியமில வாயு, உடல் வெப்பம், உடல் மணம் ஆகியவற்றைக் கொண்டு உறங்குபவரைக் கண்டறிகிறது. பெரும்பாலும் விடியலுக்கு முந்திய நேரத்தில் மிகுதியாகக் கடிக்கும். பகலில் உறங்குவோர் உள்ள இடங்களில் பகலிலும் வெளிவரும்.

ஒருமுறை குருதி குடிக்க 5 முதல் 10 நிமிடங்கள் வரை ஆகும். அதன் உமிழ்நீரில் குருதி உறைவதைத் தடுக்கும் பொருள்களும், குருதிக் குழாய்களை விரிவடையச் செய்யும் பொருள்களும் உள்ளன. கடி பெரும்பாலும் அப்போது உணரப்படுவதில்லை. குடித்து முடித்ததும் பூச்சி உடலில் தங்காமல் ஒளிவிடத்திற்குத் திரும்பிவிடும். பேனிலிருந்து இது வேறுபடுவது இவ்வகையில்தான்.

குருதியில் பி வகை உயிர்ச்சத்துகள் மிகவும் குறைவு. பூச்சியின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா இச்சத்துகளை உண்டாக்கித் தருவதை 2010 ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர்.

மூட்டைப்பூச்சிகள் கூட்டமாக ஒளியும் இயல்புடையவை. அவற்றின் கழிவிலுள்ள இசுட்டமின் என்னும் பொருள் பிற பூச்சிகளை அவ்விடத்திலேயே தங்கச் செய்வதாக 2015 ஆம் ஆண்டில் கனடாவில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது.

கடியும் உடல்நலமும்

கடித்த இடத்தில் சிவந்த தடிப்பும் அரிப்பும் தோன்றும். முகம், கழுத்து, கை முதலிய மூடப்படாத பகுதிகளில் இவை வரிசையாகவோ கூட்டமாகவோ காணப்படலாம். சிலருக்குக் கடியின் அடையாளமே தோன்றாது. முதன்முறையாகக் கடிபடுவோருக்குத் தடிப்பு தோன்றப் பல நாட்கள் ஆகலாம். எனவே ஒரே படுக்கையில் உறங்கும் இருவருள் ஒருவர் மட்டும் கடிபட்டதாகத் தோன்றுவதுண்டு. தடிப்பைக் கொண்டு மட்டும் கடித்தது கொசுவா, மூட்டைப்பூச்சியா என்று உறுதியாகக் கூற இயலாது.

எய்ட்ஸ், கல்லீரல் அழற்சி-பி ஆகியவற்றை உண்டாக்கும் தீநுண்மங்களை மூட்டைப்பூச்சி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்துவதற்குச் சான்று இல்லை. ஆய்வகச் சூழலில் சாகசு நோயின் கிருமியை இது எலிகளுக்குக் கடத்தவல்லது என்று கண்டறியப்பட்டுள்ளது. எனினும் இயற்கையில் அவ்வாறு நிகழ்வதாக அறியப்படவில்லை.

நோய் பரப்பாத போதிலும் இதனைத் தீங்கற்றது எனக் கூற இயலாது. சொறிவதால் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். பூச்சிகள் மிகப் பெருகிய வீடுகளில் வாழும் முதியோருக்குக் குருதிச்சோகை ஏற்பட்டதும் உண்டு. உறக்கமின்மை, அச்சம், பூச்சி ஒழிந்த பின்னும் உடலில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வு ஆகியன பலரால் குறிப்பிடப்படுகின்றன.

இருப்பிடமும் பரவலும்

மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் பொருத்துகள், தலைமாட்டுப் பலகை, கயிற்றுக் கட்டிலின் முடிச்சு, நாடாக் கட்டிலின் மடிப்பு, பிரம்பு நாற்காலி, சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், மின் பொத்தான் பெட்டி ஆகியன இப்பூச்சியின் வழக்கமான ஒளிவிடங்களாகும். மை தெளித்தாற்போன்ற கரும்புள்ளிகள், உரித்த தோல்கள், விரிப்பில் சிறு குருதிக் கறைகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இதற்குப் பறக்க இயலாதாகையால் தொலைவிடங்களுக்கு மனிதரின் உடைமைகளுடனேயே செல்கிறது. பயணப் பெட்டி, படுக்கைச் சுருள், பழைய மரச்சாமான்கள் ஆகியவை முதன்மை வழிகள். அடுக்குமாடி வீடுகளில் குழாய்கள், மின்கம்பிகள் செல்லும் துளைகள் வழியாக அடுத்த வீட்டிற்கும் பரவும்.

வீடு தூய்மையற்று இருப்பதால்தான் மூட்டைப்பூச்சி வருகிறது என்னும் கருத்து தவறானது. அதற்குத் தேவையானது குருதியும் ஒளிவிடமுமே. பொருள்கள் அடைந்து கிடக்கும் வீட்டில் ஒளிவிடங்கள் மிகுதி என்பதால் ஒழிப்பது கடினமாகிறது. ஏழை வீடுகளில் இது நிலைத்துவிடுவதற்குக் காரணம், மெத்தையை மாற்றவோ தேர்ந்த பணியாளரை அமர்த்தவோ பொருள் வசதி இல்லாமையே ஆகும்.

வரலாறு

எகிப்தின் அமர்னா அகழ்விடத்தில், 3,300 ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பில் மூட்டைப்பூச்சியின் எச்சங்கள் கிடைத்துள்ளன. பண்டைய கிரேக்க நூல்களிலும் இது குறிப்பிடப்படுகிறது. வடமொழிப் பஞ்சதந்திரத்தில், அரசனின் படுக்கையில் வாழ்ந்த மந்தவிசர்ப்பிணி என்னும் பேன், விருந்தாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடங்கொடுத்துக் கெட்ட கதை உள்ளது. அரசனைக் கடித்த மூட்டைப்பூச்சி கட்டிலின் இடுக்கில் ஒளிந்து தப்பிக்க, துணி மடிப்பிலிருந்த பேனே கொல்லப்பட்டது. இப்பூச்சியின் ஒளியும் இயல்பை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதை இக்கதை காட்டுகிறது.

டி.டி.டி. காலம்

1939 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். இதற்காக 1948 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தெளித்த இடத்தில் பல மாதங்கள் நச்சுத்தன்மையுடன் நிலைத்திருந்ததால், பின்னர் பொரித்து வெளிவரும் இளம்பூச்சிகளையும் இது கொன்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த நாடுகளில் மூட்டைப்பூச்சி பெருமளவு மறைந்தது.

ஆனால் 1947 ஆம் ஆண்டிலேயே அவாய்த் தீவின் பேர்ல் துறைமுகக் கடற்படைக் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இந்தியாவில் 1953 இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958 இல் மலேரியா ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டு, வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. இலக்கு கொசுவாக இருந்தபோதிலும் அதே சுவர்களில் ஒளிந்திருந்த மூட்டைப்பூச்சிகளும் நஞ்சுக்கு ஆட்பட்டன. தொடக்கத்தில் இவை மடிந்தன; பின்னர் எதிர்ப்புத்திறன் பெற்றவை மட்டும் பெருகின. மலேரியா ஒழிப்புத் திட்டங்கள் நடந்த பல நாடுகளில், மருந்து தெளித்த பின் மூட்டைப்பூச்சி மிகுந்துவிட்டதாகக் கருதி மக்கள் மறுமுறை தெளிக்க இசையாத நிலையும் ஏற்பட்டது.

மீள்வருகை

1990களின் இறுதியிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகியது. பன்னாட்டுப் பயணம் மிகுந்ததும், பூச்சிகளின் எதிர்ப்புத்திறனும் முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. டி.டி.டி.க்குப் பின் வந்த பைரித்ராய்டு வகை நஞ்சுகளும் பூச்சியின் நரம்பில் சோடியம் செல்லும் அதே வாயில்களையே தாக்குகின்றன. ஆகவே டி.டி.டி.யைத் தாங்கும் மரபணு மாற்றம் பெற்ற பூச்சி, இவற்றையும் தாங்குகிறது. தோல் தடித்தல், நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் மிகுதல் ஆகியனவும் எதிர்ப்புத்திறனுக்குக் காரணங்களாகும்.

பிரான்சில் 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் 11 விழுக்காட்டு வீடுகள் மூட்டைப்பூச்சியால் பாதிக்கப்பட்டதாக 2023 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நிறுவனமொன்று அறிவித்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பாரிசு நகரில் இது குறித்துப் பெரும் அச்சம் எழுந்தது.

கட்டுப்படுத்தல்

மூட்டைப்பூச்சியை ஒழிக்க ஒரே முறை செய்யும் செயல் போதாது. முட்டைகளும் ஆழ்ந்த இடுக்குகளில் உள்ளவையும் தப்பிவிடுமாதலால் ஓரிரு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் தேடி அழித்தல் வேண்டும். கடிபடுபவர் வேறு அறைக்கு மாறி உறங்குவதால் பூச்சியும் அவ்வறைக்குப் பரவ வாய்ப்புண்டு.

வெப்பம்: இதுவே நம்பகமான முறை. 50 பாகை செல்சியசு வெப்பத்தில் வளர்ந்த பூச்சிகள் சில நிமிடங்களில் மடியும். முட்டைகளுக்குச் சற்று மிகுதியான வெப்பமோ நேரமோ தேவை. துணிகளையும் விரிப்புகளையும் 60 பாகை வெப்ப நீரில் துவைப்பதும், கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவதும், நீராவி பாய்ச்சுவதும் பயன்தரும். கொதிநீரைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. மின் இணைப்புகளின் அருகில் ஊற்றலாகாது.

வெயில்: கட்டிலையும் மெத்தையையும் வெயிலில் இட்டுத் தட்டுவது தமிழகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெளிப்பட்டு வரும் பூச்சிகளை இதனால் அழிக்கலாம். ஆனால் தடித்த மெத்தையின் உட்பகுதி போதிய அளவு சூடேறுவதில்லை. பூச்சிகள் நிழலான அடிப்பக்கத்திற்கு நகர்ந்து தப்பிவிடும்.

குளிர்: துணி, நூல் முதலிய சிறு பொருள்களைப் பைகளில் கட்டி உறைநிலைப் பெட்டியில் −18 பாகை செல்சியசில் நான்கு நாட்கள் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும்.

தடுப்புகளும் பொறிகளும்: கட்டிற்கால்களை நீரோ மண்ணெண்ணெயோ உள்ள கிண்ணங்களில் நிறுத்துவது பழைய முறை. மண்ணெண்ணெய் தீப்பற்றும் ஆபத்துடையது. இன்று வழவழப்பான சுவருடைய நெகிழிக் கிண்ணப் பொறிகள் விற்கப்படுகின்றன. ஆனால் வெப்ப மண்டல இனம் வழவழப்பான பரப்பிலும் ஏறவல்லது என்று 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்நாடுகளுக்கென உருவாக்கப்பட்ட பொறிகள் வெப்ப நாடுகளில் அதே அளவு பயன்தரும் எனக் கொள்ள இயலாது. மெத்தை முழுவதையும் மூடும் இழுவைப்பற்றி உறைகளும் பயன்படுத்தப்படுகின்றன.

பொடிகள்: சிலிக்கா வகைப் பொடி, பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை உறிஞ்சி உடலை உலரச் செய்து கொல்கிறது. இதனை மூச்சில் இழுப்பது தீங்கானது என்பதால் இடுக்குகளில் மட்டும் சிறிதளவே இடல் வேண்டும்.

அவரை வகை இலைகள்: பால்கன் நாடுகளில் இவ்விலைகளைத் தரையில் பரப்பி, காலையில் அவற்றில் சிக்கிய பூச்சிகளை எரிக்கும் வழக்கம் இருந்தது. இலையின் கொக்கி போன்ற நுண்மயிர்கள் பூச்சியின் கால்களைக் குத்திப் பிடிப்பதை 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினர். செயற்கையாகச் செய்த பரப்புகள் அதேபோல் பூச்சிகளைப் பிடித்து நிறுத்தவில்லை.

புகைக்குப்பிகள்: அறை முழுவதும் மருந்துப் புகை பரப்பும் குப்பிகள் பெரும்பாலும் பயனற்றவை என்று 2012 ஆம் ஆண்டில் ஒகையோவில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. புகை இடுக்குகளுக்குள் செல்வதில்லை.

நஞ்சுகளால் நேரும் தீங்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஐதரசன் சயனைடு வளியால் வீடுகளைப் புகையூட்டினர். இதனால் மனித உயிரிழப்புகளும் நேர்ந்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏழு மாநிலங்களில் 2003 முதல் 2010 வரை மூட்டைப்பூச்சிக்கெனப் பயன்படுத்திய பூச்சிக்கொல்லிகளால் 111 பேர் நோயுற்றதும், அவர்களுள் ஒருவர் இறந்ததும் பதிவாகியுள்ளன. அளவுக்கு மிஞ்சித் தெளித்ததும், படுக்கையைத் துவைக்காமல் பயன்படுத்தியதும் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். 2018 ஆம் ஆண்டில் எகிப்தின் ஊர்கடா நகர விடுதியொன்றில், அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்குத் தெளித்த மருந்தால் பிரித்தானியப் பயணிகள் இருவர் இறந்தனர். மருந்திலிருந்த டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறியதே காரணம் என 2023 ஆம் ஆண்டில் பிரித்தானிய இறப்பு விசாரணையில் முடிவு செய்யப்பட்டது.

இந்தியாவில் இதற்கெனப் பரவலாகத் தெளிக்கப்பட்ட டைகுளோர்வாசு என்னும் மருந்து, 2018 ஆம் ஆண்டின் ஆணைப்படி 2020 திசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீடுகளில் வைப்பது மிகவும் ஆபத்தானது. அது காற்றின் ஈரத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வளியை வெளியிடும். இவ்வளி சுவர் வெடிப்புகள் வழியாக அடுத்த வீட்டிற்கும் செல்லும். இதற்கு மாற்று மருந்து இல்லை. சிறு குழந்தைகள் இதனால் எளிதில் பாதிக்கப்படுவர்.

சமூகமும் வழக்காறும்

மூட்டைப்பூச்சி உள்ளதை வெளியே சொல்ல மக்கள் நாணுகின்றனர். விருந்தினரை அழைக்கத் தயங்குதல், வீட்டு உரிமையாளரிடம் மறைத்தல், விடுதிக் காப்பாளரிடம் முறையிடாமை ஆகியவற்றால் ஒழிப்புப் பணி தாமதமாகிறது. தொடக்கத்தில் ஒரு கட்டிலில் மட்டும் உள்ளபோது ஒழிப்பது எளிது. பல அறைகளுக்குப் பரவிய பின் அனைவரும் ஒருங்கே செயல்பட்டாலன்றி இயலாது.

பூச்சியைப் பிடித்து ஒரு கட்டையின் மேல் வைத்து மற்றொரு கட்டையால் நசுக்குமாறு கூறும் ‘மூட்டைப்பூச்சி கொல்லும் எந்திரம்’ பற்றிய நகைச்சுவை தமிழரிடையே நெடுங்காலமாக வழங்குகிறது. கண்ணில் பட்ட பூச்சியைக் கொல்வது எளிது, கண்டுபிடிப்பதே அரிது என்பதே இதன் உட்பொருள். சிறு தொல்லைக்காகப் பெருங்கேட்டை வரவழைத்துக்கொள்வதை ‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது’ என்னும் பழமொழி குறிக்கிறது.

இவற்றையும் பார்க்க

பேன்
தெள்ளுப்பூச்சி
கரப்பான் பூச்சி
உண்ணி
டி.டி.டி.
பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன்